பதினைந்தாவது நகர்த்தலில் நிறுத்திப் பாருங்கள்

செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம் என்ன ஓப்பனிங் ஆடுவாய் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். சிசிலியன் என்பான் ஒருவன், லண்டன் என்பாள் ஒருத்தி, காரோ கான் என்பான் இன்னொருவன். எட்டாவது நகர்த்தலில் யானையை ஏன் அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோகிறாய் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். மாஸ்டர் அப்படிச் சொல்லிக்கொடுத்தார், கம்ப்யூட்டர் அதைத்தான் காட்டியது, அவ்வளவே. மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. ஆனால் செஸ்ஸில் ஒரு சங்கடம் இருக்கிறது: நாம் படித்துவந்த பாடத்தைத்தான் எதிராளி ஆட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள், அதற்குப் பதில் சொல்லக் கறுப்புக்கும் 20 வழிகள். ஆளுக்கு ஒரு முறை காயைத் தொட்டு வைப்பதற்குள் பலகையில் 400 விதமான நிலைகள் வரலாம். ஆறாவது, ஏழாவது நகர்த்தலில் எதிரே இருப்பவர் பாடத்தில் இல்லாத ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டால், பதினைந்து நகர்த்தல் உருப்போட்டவர் அந்த இடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஓப்பனிங்கில் தேற வேண்டுமென்றால் பழைய போட்டி ஆட்டம் ஒன்றை எடுத்து, முதல் நகர்த்தலிலிருந்து தோற்றவர் கைகொடுக்கும்வரை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஓப்பனிங் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் படித்தால் போதாது. ஐந்தாவது நகர்த்தலில் வாங்கிய கடனுக்கு வட்டி இருபதாவது நகர்த்தலில்தான் கேட்கப்படுகிறது. வாங்கிய பக்கத்தை மட்டும் கிழித்துப் படிப்பவருக்கு வட்டி விகிதம் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து இதைப் பார்க்கலாம். 1907 டிசம்பர், லோட்ஸ் நகரம். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. துணி ஆலைகளுக்குப் பேர்போனது. வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தவர் கெர்ஷ் ரோட்லெவி, 18 வயது இளைஞர். கறுப்புக் காய்களோடு அகிபா ரூபின்ஸ்டைன். ரோட்லெவியைக் கத்துக்குட்டி என்று நினைத்துவிட வேண்டாம். நான்கே ஆண்டுகளில், 1911 கார்ல்ஸ்பாட் பெரும்போட்டியில், அவர் நான்காம் இடம் பிடித்தார். ரூபின்ஸ்டைனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1912 என்ற ஒரே ஆண்டில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடத்தில் வந்து நின்றவர். இருவரும் ஆடிய அந்த 25 நகர்த்தல் ஆட்டத்தை ‘ரூபின்ஸ்டைனின் அமர ஆட்டம்’ என்றே செஸ் உலகம் சொல்கிறது. ராணியைக் கொடுத்து, யானையைக் கொடுத்து, ராஜாவைச் சுருட்டிய அதன் கடைசி நான்கு நகர்த்தல்களைப் படமாகப் போடாத செஸ் புத்தகம் குறைவு. கைதட்டலுக்கு உரிய இடம்தான். ஆனால் ஓப்பனிங் கற்க வந்தவருக்கு அதைவிடப் பெரிய புதையல் முன்பாதியில் இருக்கிறது. அங்கே யாரும் படம் போடுவதில்லை.

பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே போகும் காயை மந்திரி என்றும் நேரே போவதை யானை என்றும் சொல்கிறேன். வெள்ளையை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி என்று ஹெச் வரை எட்டு நெடுவரிசைகள். வெள்ளை டி4, கறுப்பு டி5. குதிரை எஃப்3, இ6. இ3, சி5. சி4, குதிரை சி6. குதிரை சி3, குதிரை எஃப்6. ஐந்து நகர்த்தல் முடிந்ததும் பலகையின் நடுவே கண்ணாடி வைத்ததுபோல இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். நகர்த்தும் முறை வெள்ளையுடையது. வித்தியாசம் அது ஒன்றுதான். மேலே போவோம். ஆறாவதாக வெள்ளைச் சிப்பாய் சி5-ஐ வெட்டுகிறது, கறுப்பு மந்திரி திருப்பி வெட்டுகிறது. ஏ3, ஏ6. பி4, மந்திரி டி6. மந்திரி பி2, கறுப்பு கேஸ்லிங். பத்தாவதாக வெள்ளை ராணி டி2, கறுப்பு ராணி இ7. மந்திரி டி3, கறுப்புச் சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது. மந்திரி திருப்பி வெட்ட, பி5. மந்திரி மறுபடி டி3, கறுப்பு யானை எஃப்8-லிருந்து டி8. ராணி இ2, மந்திரி பி7. பதினைந்தாவதாக வெள்ளை கேஸ்லிங். இங்கே நிறுத்துங்கள்.

மறுபடியும் கண்ணாடிதான். வெள்ளை மந்திரிகள் பி2, டி3. கறுப்பு மந்திரிகள் பி7, டி6. ராணிகள் இ2, இ7. குதிரைகள், சிப்பாய்கள், ராஜாக்கள் எல்லாம் எதிரெதிரே சரியாகப் பொருந்துகின்றன. ஒரே ஒரு காய் மட்டும் பொருந்தவில்லை. வெள்ளை யானை எஃப்1-ல் நிற்கிறது; கறுப்பு யானையோ டி8-க்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு, இப்போது நகர்த்த வேண்டியது கறுப்பு. முதலில் ஆடத் தொடங்கியவர் வெள்ளை. பதினைந்து முறை நகர்த்திய பிறகு, தன்னைவிட ஒரு முறை குறைவாக நகர்த்திய எதிராளியைவிட அவர் பின்தங்கி நிற்கிறார். விரல்விட்டு எண்ணினால் காரணம் தெரியும். டி3-க்கு வர வெள்ளை மந்திரி மூன்று நகர்த்தல் எடுத்துக்கொண்டது: முதலில் டி3, பிறகு சி4, திரும்ப டி3. அதற்கு நேரெதிரே நிற்கும் கறுப்பு மந்திரி சி5, டி6 என்று இரண்டிலேயே வந்துவிட்டது. வெள்ளை ராணி டி2 போய் இ2 வந்தது; கறுப்பு ராணி ஒரே தாவலில் இ7. ஆக, இரண்டு நகர்த்தல் வீண். செஸ்காரர்கள் டெம்போ என்று சொல்வது இந்த நகர்த்தல் கணக்கைத்தான். இந்த எண்ணிக்கையைப் போட எந்தக் கணினியும் வேண்டாம். விதி தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை பென்சிலை வைத்துக்கொண்டு போட்டுவிடும்.

இதை ரோட்லெவியின் கவனக்குறைவு என்று தள்ளிவிட்டால் பாடம் போச்சு. அந்த இரண்டையும் ரூபின்ஸ்டைன் வாங்கினார் என்பதுதான் விஷயம். நடுவில் சி4, டி5 சிப்பாய்களும் டி4, சி5 சிப்பாய்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது யார் முதலில் வெட்டுவது என்பதே இந்த வகை ஓப்பனிங்கின் உள்சண்டை. எதிராளியின் மந்திரி பிறந்த இடத்திலேயே இருக்கும்போது வெட்டினால், அது ஒரே தாவலில் வந்து திருப்பி வெட்டி நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரோட்லெவி ஆறாவது நகர்த்தலில் செய்தது அதுதான். ரூபின்ஸ்டைன் பொறுத்தார். வெள்ளை மந்திரி டி3-க்கு ஒரு முறை நகரட்டும் என்று காத்திருந்து, அது நகர்ந்த மறுகணமே சி4-ஐ வெட்டினார். அப்படிக் காத்திருக்க அவருக்குப் பயனுள்ள நகர்த்தல்கள் வேண்டுமே. கேஸ்லிங்கும் ராணி இ7-ம் அதற்குத்தான் உதவின. ராணியை இ7-க்குக் கொண்டுபோனால் டி5 சிப்பாயை வெள்ளை தின்றுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தின்னலாம். சிப்பாய் வெட்டி, சிப்பாய் திருப்பி வெட்டி, குதிரை வெட்டி, குதிரை வெட்டி, கடைசியில் வெள்ளை ராணி டி5-ல் வந்து நிற்கும். கறுப்பு மந்திரி இ6-க்கு வந்து அதை விரட்டும். வெள்ளை ராஜா இன்னும் நடுவில், அதன் எஃப்1 மந்திரி வீட்டைவிட்டே கிளம்பவில்லை, திறந்துவிட்ட வரிசைகளுக்குக் கறுப்பு யானைகள் வரக் காத்திருக்கின்றன. ஒரு சிப்பாய்க்காக இந்தத் தலைவலியை வாங்க ரோட்லெவி விரும்பவில்லை. இரண்டாவது டெம்போவும் இப்படித்தான்: யானை டி8-ல் வந்து நின்றதும் அந்த வரிசையில் எதிரே டி2-ல் இருந்த ராணிக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

சரி, இரண்டு நகர்த்தல் பின்தங்கினால் என்ன குடி முழுகிப்போகும்? ஆட்டத்தை முழுவதும் படிக்கச் சொல்வது இந்தக் கேள்விக்காகத்தான். ரூபின்ஸ்டைன் குதிரையை இ5-க்குக் கொண்டுவந்து ஒரு ஜோடிக் குதிரையை மாற்றினார். மந்திரி இ5-ல் வந்து நின்றது. இப்போது அது ஹெச்2 சிப்பாயைச் செக்கோடு வெட்டும், ராஜா மந்திரியைத் தின்றால் ராணி டி6-ல் செக் கொடுத்து டி3-ல் நிற்கும் வெள்ளை மந்திரியைப் பிடுங்கிக்கொள்ளும். முன்னாலேயே டி8-க்கு வந்துவிட்ட யானைதான் அந்த வரிசையில் ராணிக்குப் பின்பலம். இதைத் தடுக்க ரோட்லெவி எஃப்4 தள்ளினார், அதோடு நிற்காமல் இ4, இ5 என்றும் தள்ளினார். அந்தச் சிப்பாய்கள் நகர்ந்ததும் அவர் ராஜாவை நோக்கி ஏ7-லிருந்து ஜி1 வரை ஒரு குறுக்குப் பாதை திறந்துவிட்டது. கறுப்பு மந்திரி பி6-ல் வந்து செக். ராஜா ஹெச்1-ல் ஒதுங்க, குதிரை ஜி4, ராணி ஹெச்4. அதற்குப் பிறகு வருவதுதான் புத்தகங்களில் படம் போடும் இடம்: யானை சி3-ல் குதிரையை வெட்டுகிறது, வெள்ளைச் சிப்பாய் கறுப்பு ராணியைத் தின்கிறது, இன்னொரு யானை டி2-ல் போய் நிற்கிறது, அதையும் வெள்ளை ராணி தின்ன, மந்திரி இ4-ல் செக், கடைசியில் முதல் யானை ஹெச்3. ஹெச்2-ல் விழப்போகும் மேட்டைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. ரோட்லெவி கைகொடுத்தார்.

கடைசி நிலையில் ஏ1 கட்டத்தைப் பாருங்கள். வெள்ளையின் ஒரு யானை ஆட்டம் முழுக்க அங்கிருந்து அசையவே இல்லை. கறுப்பு யானைகள் எந்த வரிசைகள் வழியாக இறங்கி அடித்தன? சி வரிசையும் டி வரிசையும். வீணான அந்த இரண்டு நகர்த்தலில் ஒன்று கையில் இருந்திருந்தாலும் ஏ1 யானை அந்த வரிசைகளில் ஏதாவது ஒன்றுக்குக் காவலுக்கு வந்திருக்கும். ‘காய்களைச் சீக்கிரம் வெளியே கொண்டுவா, ஒரே காயை இருமுறை நகர்த்தாதே’ என்று எல்லாப் பயிற்சியாளர்களும்தான் சொல்கிறார்கள். சொல்லிக் கேட்ட விதி மறந்துபோகும். ஏ1-ல் தூங்கிய யானையையும் டி2-ல் வந்து விழுந்த யானையையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தவருக்கு அது மறக்காது. பதினோராவது நகர்த்தலில் மந்திரியைத் தொடும்போது அடுத்த முறை விரல் தானாகத் தயங்கும்.

ஒரு தனி ஆட்டத்தின் அதிர்ஷ்டம் இது என்று யாராவது சொல்லலாம் என்பதால் அடுத்த சான்று. 1924-ல் வட இத்தாலியின் மெரான் நகரப் போட்டியில் இதே ரூபின்ஸ்டைன் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராகக் கறுப்பில் ஆடினார். செமி ஸ்லாவ் என்ற வேறொரு ஓப்பனிங். கறுப்பு தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை சி6-ல் வைக்கிறது, குதிரை டி7-ல் உட்கார்ந்து காத்திருக்கிறது, வெள்ளை மந்திரி டி3-க்கு வந்ததும் சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது. மந்திரி திருப்பி வெட்ட, பி5. மந்திரி மறுபடி டி3. லோட்ஸில் பதினோராவது நகர்த்தலில் நடந்ததே இங்கே ஆறாவதில் நடக்கிறது. அன்று ரூபின்ஸ்டைன் ஜெயித்தார். அந்த வழிக்கு ஊரின் பெயரே நிலைத்து, மெரான் வேரியேஷன் என்று இன்றுவரை ஆடப்படுகிறது. அங்கிருந்து 89 ஆண்டுகள் தள்ளி, 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸீ கடற்கரை ஊரில் அன்றைய உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் லெவோன் அரோனியனைச் சந்தித்தார். அரோனியன் அப்போது உலகத் தரவரிசையின் முதல் சில இடங்களில் இருந்தவர். ஆறாவது நகர்த்தல்: மந்திரி டி3, சி4-ல் வெட்டு. ஏழாவது: மந்திரி வெட்டுகிறது, பி5. எட்டாவது: மந்திரி டி3. சொல்லிவைத்தாற்போல அதே மூன்று நகர்த்தல்.

பிறகு நடந்ததைப் படித்தால் லோட்ஸ் ஆட்டம் தெரிந்தவருக்கு உடல் சிலிர்க்கும். கறுப்பு மந்திரி பி7-ல் வந்து உட்கார்கிறது. அரோனியன் குதிரையால் ஹெச்7 சிப்பாயைத் தின்ன, ஆனந்த் குதிரையை ஜி4-க்கு ஏவுகிறார். வெள்ளை எஃப்4 தள்ள வேண்டியதாகிறது, அதே குறுக்குப் பாதை திறக்கிறது. ஆனந்தின் இன்னொரு மந்திரி சி5-க்கு வந்து, டி4-ல் வெட்டிச் செக் கொடுக்கிறது. ராஜா ஹெச்1. ராணி கடைசியில் ஹெச்5. நடுவில் ஒரு யானையைத் தின்னக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிக் கவலையே படாமல் எஃப்5 சிப்பாயை நகர்த்துகிறார் ஆனந்த். 23-வது நகர்த்தலாக அவர் மந்திரியை இ3-ல் வைத்ததும் அரோனியன் கைகொடுத்துவிட்டார். பி7 மந்திரி, ஜி1-ஐக் குறிவைக்கும் மந்திரி, ஜி4 குதிரை, ஹெச் வரிசையில் ராணி, மூலையில் ராஜா: 105 ஆண்டுகளுக்கு முன் லோட்ஸில் கூடிய அதே கூட்டணி.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். ஆனந்தின் 12-வது நகர்த்தலான சி5, பலகையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. 2012-ல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்தது என்று அவரே சொன்னார். தயாரிப்பு என்றால் உதவியாளர் குழு, கணினி, ஞாபகசக்தி எல்லாம்தான். அப்படியானால் ஜெயித்தது மனப்பாடம்தானே? உண்மையில் ஒரு பகுதி. உச்சியில் இருப்பவர்களுக்கு மனப்பாடம் இல்லாமல் பிழைப்பில்லை, அதை மறுப்பது வீண்வம்பு. ஆனால் கணினியிடம் எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். ஒரு குதிரையும் இரண்டு மந்திரிகளும் ஒரு ராணியும் இப்படிச் சேர்ந்தால் யானையைக் கொடுத்தும் ராஜாவைப் பிடிக்கலாம் என்று முன்பே பார்த்துப் பழகிய கண், அந்த வழியில் நின்று தோண்டும். பழகாத கண் யானை போகிறதே என்று அடுத்த வழிக்குத் தாவிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கோ உதவியாளர் குழுவும் இல்லை, எதிரே அரோனியனும் இல்லை. நமக்கு முன்னால் உட்காருகிறவர் ஆறாவது நகர்த்தலிலேயே பாடத்தைவிட்டு விலகப்போகிறவர். அப்போது கையில் இருப்பது யோசனை மட்டுமே.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு: அழகாக முடிந்த ஆட்டத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஓப்பனிங்தான் ஜெயிக்கவைத்தது என்கிறாயே, இரண்டு டெம்போ முந்தியும் டிராவில் முடிந்த, தோற்றுப்போன ஆட்டங்கள் எத்தனை இருக்கும்? இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பதினைந்தாவது நகர்த்தலில் கறுப்புக்கு நிலைமை வசதிதான், வெற்றி கிடையாது. ரோட்லெவி எஃப்4 தள்ளிய பிறகு இ4, இ5 என்று சிப்பாய்களை மேலும் விரட்டாமல் ஏ1 யானையைக் கிளப்பி அடக்கமாகத் தற்காத்திருந்தால் இந்த ஆட்டத்தை இன்று யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். முன்னிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பின்தங்கியவர் தாக்கப் புறப்பட்டார். அதுதான் அவரை முடித்தது. ஓப்பனிங் எவ்வளவு தரும், எதைத் தராது என்ற அளவு இப்படிப் படித்தால்தான் பிடிபடும். ஓப்பனிங் வீடியோக்களின் தலைப்புகளில் எல்லாம் எதிராளியைப் பத்தே நகர்த்தலில் நொறுக்குவது எப்படி என்று இருக்கும். அந்த வாக்குறுதியை நம்பி வருகிறவர், பத்தாவது நகர்த்தலில் எதிராளி நொறுங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானே நொறுங்கிப்போகிறார்.

பழைய ஆட்டங்களில் தப்புகள் அதிகம், இன்றைய கணினி அவற்றைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும் என்பார்கள். தப்புகள் இருப்பதால்தான் அவை பாடத்துக்கு ஏற்றவை. இன்றைய இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும்போது, ஒருவர் காத்திருக்க நினைத்தால் மற்றவரும் காத்திருப்பார், ஒருவர் யோசனையை மற்றவர் முளையிலேயே கிள்ளிவிடுவார். பலகையில் ஒன்றும் நடக்காததுபோல் முப்பது நகர்த்தலில் சமாதானம் ஆகிவிடுவார்கள். அங்கே நடக்காமல் போனது என்ன என்று கற்பவருக்கு எப்படித் தெரியும்? 1907-ல் அது நடந்தேவிட்டது, வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் எல்லா ஓப்பனிங்குக்கும் இந்த வைத்தியம் போதாது. சிசிலியன் நைடார்ஃபில் கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2 சிப்பாயைத் தின்னும் வழியைப் போன்ற இடங்களில் ஒரு நகர்த்தல் பிசகினால் ஆட்டம் போயிற்று. அங்கே உருப்போடாமல் நுழைவது ஆபத்து. அந்த ஆபத்தில் விருப்பமில்லாத புதியவர் அந்த வழிக்கே போக வேண்டியதில்லை என்பது என் தீர்மானம்.

படிக்க எடுக்கும் ஆட்டம் உலகப் புகழ்பெற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை; சொந்தத் தோல்வியும் ஆகும். 1960-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் பாபி ஃபிஷர் போரிஸ் ஸ்பாஸ்கியிடம் கிங்ஸ் கேம்பிட் ஓப்பனிங்கில் தோற்றார். அந்தத் தோல்வியைக் குடைந்து குடைந்து, மறு ஆண்டே கிங்ஸ் கேம்பிட்டின் கதை முடிந்தது என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். (கதை முடிந்ததாக அறிவித்த அதே ஓப்பனிங்கைச் சில ஆண்டுகளில் அவரே வெள்ளையில் ஆடி ஜெயித்தார் என்பது வேடிக்கை. அதற்கு வேறொரு வழியைப் பிடித்திருந்தார்.) பழசைப் புரட்டுவதிலும் அவருக்கு ஈடில்லை. 1963-ல் ஆர்தர் பிஸ்கயருக்கு எதிராக அவர் குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு, ஹெச்3-க்கு, நகர்த்தியபோது பலருக்கும் அது விசித்திரமாகப் பட்டது. அது 1891-ல் ஸ்டீனிட்ஸ் சிகோரினுடன் தந்தி வழியாக ஆடிய ஆட்டத்தில் வைத்த நகர்த்தல். ஃபிஷர் ஜெயித்தார்.

கணினியை வைத்துக்கொண்டே இதையெல்லாம் இன்னும் வேகமாகச் செய்யலாமே என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகவே கிடைக்கிறது, எந்தப் பழைய ஆட்டத்தையும் நொடியில் மதிப்பிட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. எண் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த எண் ஏ1 யானையைச் சுட்டிக்காட்டாது. இரண்டு டெம்போ எங்கே போயிற்று என்று சொல்லாது. எண்ணை முதலில் பார்த்துவிட்டவர் எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். 2019-ல் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆன குகேஷ், அந்தப் பட்டத்தை எட்டும்வரை கணினி இயந்திரத்தைத் தொடாமல் பயின்றவர் என்று அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்கிறார். 2024-ல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனவரும் அதே குகேஷ்தான். ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இயந்திரம் இல்லாவிட்டால் முன்னேறவே முடியாது என்ற வாதம் அதோடு அடிபட்டுப்போகிறது. இயந்திரத்துக்கு வேலை கடைசியில் இருக்கிறது: நம் எண்ணிக்கையையும் நம் காரணங்களையும் தாளில் எழுதி முடித்த பிறகு, எங்கே சறுக்கினோம் என்று சரிபார்க்க.

படிக்கும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. திரையை விட்டுவிட்டு மரப்பலகையில் காய்களை அடுக்குங்கள். ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, நகர்த்தல்களைத் தாளால் மறைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று ஊகித்துவிட்டுப் பிறகு தாளை இறக்குங்கள். ஊகம் தவறிய இடங்களில் மட்டும் நேரம் செலவழித்தால் போதும். இரு பக்கமும் கேஸ்லிங் ஆனதும் நிறுத்தி, எந்தக் காய் எத்தனை முறை நகர்ந்தது, எது நகரவே இல்லை என்று எழுதி, ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். லோட்ஸ் 1907 முடிந்தால் மெரான் 1924, அதற்குப் பிறகு வெய்க் ஆன் ஸீ 2013. இந்த வரிசையில் மூன்றையும் படிப்பவர் டி4 தொடங்கும் ஆட்டங்களில் சி4-ஐ எப்போது வெட்டுவது என்ற ஒரு விஷயத்திலாவது யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளாசிகல் போட்டிகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் நகர்த்தல்களைத் தன் கையாலேயே ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது விதி. தோற்ற ஆட்டத்தின் தாள் பெரும்பாலும் மண்டபத்து வாசலிலேயே கசங்கிப்போகிறது. கோப்பை கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.